உதயம், ராத்திரி, பூத்: ராம்கோபால் வர்மா எங்கே தொலைந்து போனார்?

கெடிலக்கரையான் (புதுப்பாளையம், கடலூர்) – இரவு 9.12

தம்பி மகன் சென்னையில் எடிட்டிங் படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன் சாப்பிடும்போது கேட்டான்: "பெரியப்பா, ட்விட்டர்ல யாரையாவது வம்புக்கு இழுத்துக்கிட்டே இருப்பாரே ராம்கோபால் வர்மா, அவரு படம்கூட எடுத்திருக்காராமே?" எனக்குத் தோசை தொண்டையில் நின்றது.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் பிறந்ததற்குப் பிறகு வந்த வர்மா வேறு ஆள். ஆனால் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் பார்த்த வர்மா இருக்கிறாரே, அவரைப் பற்றி எழுதாமல் தூக்கம் வராது.

தெலுங்கு 'சிவா' வந்தது 1989 அக்டோபரில். நமக்கு 'உதயம்' என்ற பெயரில் வந்தது. அதே வருடம் வந்த 'இதயத்தைத் திருடாதே' புண்ணியத்தில் நாகார்ஜுனா நமக்குத் தெரிந்த முகம். அமலாவும் ரகுவரனும் நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. இசை இளையராஜா. அதனால் டப்பிங் படம் என்ற நினைப்பே வரவில்லை. நாங்கள் பார்த்த கொட்டகையில் இடைவேளைக்குப் பிறகு இரண்டு ரீலை மாற்றி ஓட்டிவிட்டார்கள். செத்தவன் திரும்பி வந்து நடமாடினான். அப்படியும் ஒருத்தன் எழுந்து போகவில்லை.

நாகார்ஜுனா சைக்கிள் செயினைக் கையால் பிடுங்கி ரவுடிகளை அடிப்பாரே, எல்லோரும் அந்தக் காட்சியைத்தான் சொல்வார்கள். மறுநாளே நாங்கள் நாலு பேர் திருப்பாப்புலியூர் சைக்கிள் கடை வாசலில் நின்றோம். செயினைக் கையால் இழுத்தால் வருமா என்று பந்தயம். கடைக்காரர் சிரித்தார். "ஒரு கண்ணியில லாக் இருக்கும்ப்பா, அதைக் கழட்டாம எந்தச் சிவா வந்தாலும் வராது" என்றார். கேட்டோமா? ஒருத்தனுக்கு விரல் கிழிந்து, கிரீஸும் ரத்தமுமாக வீட்டுக்குப் போனான்.

இப்போது யோசித்தால், அந்தச் செயின் அறுவதல்ல, அதற்கு முந்தின அமைதிதான் காட்சி. கல்லூரி வாசல், அங்கங்கே நிற்கும் பையன்கள், அடி விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் இன்னும் விழவில்லை. இது பேய்ப்படக்காரன் புத்தி. அடுத்த மூன்றாம் வருடம் அவர் 'ராத்திரி' எடுத்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. அடிதடிப் படம், பேய்ப்படம் என்று நாம் பிரித்துப் பேசுகிறோம். அவருக்கு இரண்டும் ஒன்றே. எப்போது வரும் என்று காக்க வைப்பதுதான் தொழில்.

சரி, உங்கள் கருத்து என்ன? அப்படிப்பட்டவர் எங்கே தொலைந்து போனார்?

---

முதுநகர்_சிங்கம் (கடலூர் ஓ.டி.) – இரவு 9.31

தொலைந்து போகவில்லை அண்ணே. அவ்வளவுதான் சரக்கு. ஒரு 'சிவா', ஒரு 'சத்யா', ஒரு 'பூத்'. மீதியெல்லாம் சவுண்டு.

---

சவுண்டு_சர்வீஸ் (மஞ்சக்குப்பம்) – இரவு 10.05

சிங்கம் தம்பி, சவுண்டைக் கேவலமாகப் பேசாதீங்க. எங்க வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது.

கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் என்று முப்பது வருடமாக மைக் செட் போடுகிறேன். சத்தத்தைக் கூட்டுவது ஒரு வேலையே இல்லை. குமிழைத் திருகினால் கூடும். மேடையில் பேசுகிறவர் சட்டென்று நிறுத்தும்போது கூட்டம் அடங்குகிறதே, அதுதான் கஷ்டம். வர்மாவுக்கு அது தெரிந்திருந்தது. அவர் அப்பா அன்னபூர்ணா ஸ்டுடியோவில் சவுண்டு என்ஜினியராக இருந்தவர் என்று படித்தபோது, சரிதான், நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

'சிவா'வுக்கு முன்னால் நம் படங்களில் யார் யாரை அடித்தாலும் ஒரே 'டிஷ்யூம்'தான். கன்னத்தில் அடித்தாலும் அதே, வயிற்றில் குத்தினாலும் அதே. இந்தப் படத்தில்தான் அடிக்கு எடை வந்தது. அன்றைக்கு நம்ம ஊர்க் கொட்டகையில் திரைக்குப் பின்னால் இருந்த மோனோ ஸ்பீக்கரிலேயே அது கேட்டது.

வர்மாவின் இந்திப் பேய்ப்படம் 'பூத்' பற்றி ஒரு கதை சொல்கிறேன். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதும் தெரியும். தெருவிலேயே ஜெனரேட்டர் வைத்திருந்தது நான் ஒருத்தன்தான். பகலில் எல்லார் செல்போனும் எங்க வீட்டுத் திண்ணையில்தான் சார்ஜ் ஏறும், ஒரு ஜங்ஷன் பாக்ஸில் பதினெட்டு ஒயர். மூன்றாம் நாள் ராத்திரி பையன்கள் வந்து ஏதாவது படம் போடுங்க மாமா என்று நச்சரித்தார்கள். லேப்டாப்பில் கிடந்தது 'பூத்'. டீசலை மிச்சம் பிடிக்க ஜெனரேட்டரை அணைத்துவிட்டு, ஒரு சின்ன பாக்ஸை யுபிஎஸ் பேட்டரியில் ஓட்டினேன்.

தம்பிகளா, ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் எப்போதும் ஃபேன் ஓடுகிறது, ஃபிரிட்ஜ் உறுமுகிறது, பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறது, ரோட்டில் பஸ் போகிறது. அன்றைக்கு ஒன்றும் இல்லை. முறிந்து கிடந்த முருங்கை மரம்கூட அசையவில்லை. ஊரே செத்துக் கிடந்தது. அந்த இருட்டில் படத்தின் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் எங்க வீட்டு நடையில் கேட்டது மாதிரி இருந்தது. அடுக்குமாடியையே பார்த்திராத பையன்கள் படத்தில் வரும் பன்னிரண்டாம் மாடி வீட்டை நினைத்துப் பயந்தார்கள். ஒருத்தன் என் வேட்டியைப் பிடித்த பிடியில் முனை கிழிந்தது. அவன் அப்போது ப்ளஸ் டூ.

அந்தப் படத்தை அதற்கு முன்னால் ஏழெட்டு தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டேன்.

---

ஏனாம்_பையன் (இப்போது புதுச்சேரி, முத்தியால்பேட்டை) – இரவு 10.48

அண்ணாக்களே, நான் ஏனாம்காரன். புதுச்சேரி அரசாங்கத்தில்தான் வேலை, ஆனால் தாய்மொழி தெலுங்கு. தமிழில் பிழை இருந்தால் மன்னிக்கணும். பாண்டியில் 'ஏனாம்' என்று சொன்னால் பாதிப் பேர் 'அது எங்கே, கேரளாவிலா?' என்று கேட்கிறார்கள். அது மாஹே. நாங்கள் கோதாவரிக் கரை.

வர்மா எங்கிருந்து வந்தார் என்று தெரிந்தால் 'சிவா' இன்னும் நன்றாகப் புரியும். அவர் சிவில் என்ஜினியர், விஜயவாடாவில் படித்தவர். அந்தக் காலத்து விஜயவாடாவில் கல்லூரித் தேர்தல் என்றால் பின்னால் ஊர் ரவுடிக் கூட்டம் நிற்கும். அங்கே பார்த்ததைத்தான் படமாக எடுத்தேன் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2016இல் 'வங்கவீட்டி' என்று அதே விஜயவாடா பகையை நேராகவே எடுத்தார்.

படித்து முடித்து ஐதராபாத்தில் ஓட்டல் கட்டடம் ஒன்றில் சைட் என்ஜினியர். அப்புறம் அமீர்பேட்டையில் வீடியோ கேசட் வாடகைக் கடை. உதவி இயக்குநராக நின்றது ஓரிரண்டு படம்தான். அப்புறம் நேரே நாகார்ஜுனாவை வைத்து 'சிவா'. சினிமாவை அவர் பெரும்பாலும் கற்றது கேசட் கடையில். நம் ஊரிலும் அப்போது தெருவுக்கு ஒரு கேசட் கடை இருந்ததே, எத்தனை பேர் வர்மா ஆனார்கள்?

ஸ்டெடிகேம் பற்றி யாரும் சொல்லவில்லை. கேமராமேன் உடம்பில் கச்சை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொள்வார். அதிலிருந்து ஸ்பிரிங் வைத்த ஒரு கை நீளும், அதில் கேமரா. அவர் ஓடினாலும் படி ஏறினாலும் படம் குலுங்காது, தண்டவாளமும் போட வேண்டாம். தெலுங்கில் அதைச் சரியாகப் பயன்படுத்திக் காட்டிய படம் 'சிவா'தான். அண்ணன் மகளை வைத்துக்கொண்டு சிவா சைக்கிள் மிதிக்க, பின்னால் ரவுடிகள் காரில் துரத்தும் காட்சியை என் அப்பா இன்றைக்கும் எழுந்து நின்று நடித்துக் காட்டுவார்.

2025 நவம்பரில் 'சிவா'வை 4கே தரத்தில், நாலாபக்கமும் கேட்கும் அட்மாஸ் ஒலியோடு மறுபடி விட்டார்கள். ஊருக்குப் போயிருந்தேன், காக்கிநாடாவில் அப்பாவோடு பார்த்தேன். அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. விசில் அடித்தார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

---

சவுண்டு_சர்வீஸ் – இரவு 10.55

அட்மாஸ் எல்லாம் வேண்டாம்ப்பா. அந்தப் படத்துக்குக் கரகரப்பும் சேர்த்தி.

---

லாஸ்பேட்டை_வாசகி (புதுச்சேரி) – காலை 6.40

ராத்திரி முழுக்கச் செயினும் ஸ்டெடிகேமும்தானா? ஒருத்தராவது ரேவதி பெயரைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன்.

'ராத்திரி' 1992. தெலுங்கு, இந்தி இரண்டிலும் எடுத்தது. நமக்கு ரேவதி என்றால் 'மண்வாசனை', 'மௌன ராகம்'. துறுதுறு பெண். அந்த முகத்தை எடுத்து வைத்து அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தொடக்கத்தில் ஒரு கனவு. பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிறாள். ஊரில் ஒருத்தர் இல்லை. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, கோரமுகம் இல்லை, வெள்ளைப் புடவை இல்லை. பட்டப்பகல். நான் பி.எட். படிக்கும்போது விடுதி டிவியில் பார்த்தேன். மறுநாள் மத்தியானம் அஜந்தா சிக்னல் பக்கம் நடந்துபோகும்போது, பந்த் நாள், தெரு வெறிச்சென்று கிடந்தது. வெயிலில் வேர்க்கவில்லை, வேறு காரணத்தால் வேர்த்தது.

பின்னணி இசை யார் என்று இளவட்டங்களுக்குச் சொல்கிறேன்: மணிசர்மா. ஆமாம், 'போக்கிரி' மணிசர்மாதான். அவர் சினிமாவுக்கு வந்த வாசல் இது. 'போக்கிரி'யின் தெலுங்கு மூலத்தை எடுத்த பூரி ஜெகன்னாத்தும் வர்மா பட்டறை ஆள். நீங்கள் விஜய்க்கு விசில் அடித்தபோது பாதி விசில் இந்த மனிதருக்கும் போயிருக்கிறது.

அப்புறம் ஊர்மிளா. 1995 'ரங்கீலா'வில் எப்படி ஆடினார், எட்டு வருடம் கழித்து 'பூத்'தில் எப்படி உட்கார்ந்திருந்தார்! மேக்கப் போட்ட மாதிரியே இருக்காது, கலைந்த தலை, தூக்கம் இல்லாத கண். நடுவில் 1999இல் 'கௌன்'. ஒரே வீடு, மூன்றே பேர், வெளியே மழை. எழுதியது அனுராக் காஷ்யப். பாட்டு இல்லை.

'பூத்'தை 2004இல் தியாகராஜன் 'ஷாக்' என்று தமிழில் எடுத்தார், பிரசாந்தும் மீனாவும். கதையை அப்படியே எடுத்தார்கள். மீனா நன்றாகவே செய்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூலத்தில் எனக்குப் பிடித்தது வேறு. வாடகைக்கு வந்த வீட்டில் முன்னால் இருந்தவர்களுக்கு என்ன ஆச்சு என்று புருஷன் மனைவியிடம் சொல்லாமல் மறைக்கிறான் பாருங்கள், பேய் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியும்.

ஆனால் பின்னால் அவர் கேமரா பெண்களைப் பார்த்த விதம் இருக்கிறதே, 'ஐஸ்க்ரீம்' படக் காலத்திலிருந்து, அதை நான் மன்னிக்கவில்லை. ரேவதியின் முகத்தை அவ்வளவு பொறுமையாகப் பார்த்தவருக்கு முகமே மறந்துபோனது. கெடிலக்கரையான் சார் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான்.

---

முதுநகர்_சிங்கம் – காலை 7.15

பாட்டில்லாத படம் என்று ஆளாளுக்கு மெச்சுகிறீர்களே. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் வீணை எஸ். பாலச்சந்தர் 'அந்த நாள்' எடுத்துவிட்டார். சிவாஜி, ஒரு கொலை, பாட்டு கிடையாது. அவரே 'நடு இரவில்' என்று ஒரு தீவு, ஒரு பங்களா, வரிசையாகக் கொலை என்றும் எடுத்தார், 1970. தமிழன் இதையெல்லாம் பார்த்தாச்சு. கேசட் கடைக்காரர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

---

கெடிலக்கரையான் – காலை 7.50

சிங்கம், நியாயமான பேச்சு. 'அந்த நாள்' பெயரைச் சொன்னதற்காகவே உனக்கு ஒரு டீ கடன். ஆனால் அதற்கப்புறம் நாம் எத்தனை வருடம் அப்படியே விட்டுவிட்டோம்?

---

அலையோரம் (தேவனாம்பட்டினம்) – காலை 9.22

பெரியவங்க சபையில் சின்னப்பையன் பேசலாமா? எனக்கு வர்மா படம் நாலுதான் தெரியும். 'ரத்த சரித்திரம்' சூர்யாவுக்காகப் பார்த்தேன், அப்போது ஏழாவது படித்தேன், அப்பாவிடம் திட்டு வாங்கினேன். மற்ற மொழிகளில் இரண்டு பாகமாக வந்ததை நமக்கு ஒன்றாகச் சுருக்கிக் கொடுத்ததால் முதல் அரைமணி யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே விளங்கவில்லை.

நான் ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் வான் ஆள். அவரும் திகிலும் அடிதடியும்தான். 2004இல் 'சா' சின்னக் காசில் எடுத்தார், 2013இல் 'தி கான்ஜூரிங்', 2015இல் 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' ஏழாம் பாகம், 2018இல் 'அக்வாமேன்'. ஆகாயத்திலிருந்து கார் குதிக்கிற படத்தை எடுத்துவிட்டு அடுத்த வருடமே 'கான்ஜூரிங்' இரண்டாம் பாகத்துக்கு, ஒரு பழைய வீடு, ஒரு குடும்பம் என்று திரும்பி வந்தார். பெரிய படம் கிடைத்ததும் சின்னப் படத்தின் பொறுமையை விட்டுவிடவில்லை. வர்மாவுக்கு நேர் எதிர் இதுதான் என்று தோன்றுகிறது.

'கான்ஜூரிங்'கில் கண்ணைக் கட்டிக்கொண்டு கைதட்டும் சத்தத்தை வைத்துத் தேடுகிற விளையாட்டு வரும். எல்லோரும் பயந்தது அந்தக் கைதட்டலுக்குத்தான், பேய்க்கு இல்லை. சவுண்டு மாமா சொன்ன அதே விஷயம்.

---

ஏனாம்_பையன் – காலை 10.10

அலையோரம் தம்பி, வான் பெரிய நிறுவனங்களுக்கு நடுவில் வேலை செய்கிறவர். ஒவ்வொரு படத்துக்கும் நூறு பேர் கேள்வி கேட்பார்கள். வர்மாவைக் கேள்வி கேட்க ஒரு கட்டத்துக்கு மேல் ஆளில்லை. அதுதான் வித்தியாசம்.

---

கெடிலக்கரையான் – மதியம் 1.05

மத்தியானம் கடை மூடியாச்சு, இப்போது நிதானமாக எழுதலாம்.

'சத்யா'வைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1998 ஜூலை. பாண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அறை நண்பன் 'சத்யா வந்திருக்கு, வாடா' என்றான். கமல் படத்தை மறுபடியும் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கிளம்பினேன். உள்ளே போய் உட்கார்ந்தால் இந்தி. எனக்கு இந்தி 'நஹி மாலும்' வரைக்கும்தான். ஆனால் பத்தாவது நிமிடத்துக்கு மேல் மொழி தேவைப்படவில்லை.

அதில் பீக்கு மாத்ரே என்று ஒரு தாதா. மனோஜ் பாஜ்பாய். தேசிய விருது வாங்கினார். கடலைப் பார்த்துப் பாறையில் நின்று 'மும்பையின் ராஜா யார்?' என்று கத்துவார். அதைவிட எனக்குப் பிடித்தது, வீட்டில் பெண்டாட்டியிடம் அவர் அடி வாங்குகிற இடம். கொலைகாரன் வீட்டிலும் குழம்பு கொதிக்கிறது, பிள்ளை படிக்கிறது. நம் படத்தில் அதுவரை தாதா என்றால் சிவப்பு விளக்கு, சுழல் நாற்காலி, மடியில் நாய். இந்த ஆட்கள் லுங்கி கட்டிக்கொண்டு மழையில் ஒழுகுகிற அறையில் சீட்டாடினார்கள். அதனாலேயே அவர்கள் செத்தபோது நமக்கு வலித்தது. அந்தப் பிள்ளையார் ஊர்வலத்தின் நடுவில் கத்தி இறங்கும்போது எனக்குப் பக்கத்தில் இருந்தவர் முறுக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கடைசிவரை கடிக்கவில்லை.

அப்புறம் 2002இல் 'கம்பெனி', மோகன்லால் இந்திக்குப் போனது அதில்தான். 2005இல் 'சர்க்கார்', அமிதாப். இரண்டும் நல்ல படங்கள். ஆனால் 'சர்க்கா'ரிலேயே ஒன்று கவனித்தேன். பின்னணியில் 'கோவிந்தா கோவிந்தா' முழங்க, கேமரா முகத்துக்குக் கீழே போய் மேலே பார்க்க ஆரம்பித்தது. காட்சி பயமுறுத்த வேண்டிய வேலையைக் கேமரா ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு ரசித்தோம். நோய் அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தெரிகிறது.

2007 'ஆக்' பற்றி நான் பேசமாட்டேன். 'ஷோலே'யை மறுபடி எடுக்கிறேன் என்று தொட்டார், கை சுட்டது. முடிந்தது.

---

ஏனாம்_பையன் – மதியம் 2.30

கெடிலக்கரையான் அண்ணா, கேமரா மட்டும் காரணம் இல்லை. கூட இருந்தவர்கள் போனார்கள். 'சத்யா' எழுதியது சௌரப் சுக்லாவும் அனுராக் காஷ்யப்பும். பின்னணி இசை சந்தீப் சௌதா. வர்மா தயாரிப்பில் 2004இல் மட்டும் ஸ்ரீராம் ராகவன் 'ஏக் ஹசீனா தீ' எடுத்தார், ஷிமித் அமின் 'அப் தக் சப்பன்' எடுத்தார். இருவருக்கும் அதுதான் முதல் முழுநீளப் படம். எல்லோரும் வளர்ந்து தனித்தனியாகப் போனார்கள். போகத்தானே செய்வார்கள்? அதற்குப் பிறகு அவர் எதிரில் உட்கார்ந்து 'இது சரியில்லை சார்' என்று சொல்ல யார் இருந்தார்கள்?

தமிழ்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. ஸ்ரீராம் ராகவன் பின்னால் எடுத்த 'அந்தாதுன்' 2024இல் தமிழில் 'அந்தகன்' ஆனது. இயக்கியது தியாகராஜன், நடித்தது பிரசாந்த். 'ஷாக்' எடுத்த அதே அப்பா, அதே மகன். இருபது வருட இடைவெளியில் குருவின் படம் ஒன்று, பட்டறையில் வளர்ந்தவரின் படம் ஒன்று.

மணிரத்னம் சம்பந்தமும் உண்டு. 1993 'திருடா திருடா' கதையில் வர்மா கை இருக்கிறது. துரத்தல், பணம், இரண்டு திருடர்கள், ஒரு பெண். வர்மா அதற்கு முன்னால் எடுத்த 'க்ஷண க்ஷணம்' பார்த்தவர்களுக்கு வாசனை தெரியும்.

---

சவுண்டு_சர்வீஸ் – மாலை 4.15

எல்லாம் சரி. என் தொழிலில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன், அவருக்கும் அதுதான் நடந்தது.

முன்பெல்லாம் ஒரு கல்யாணத்துக்கு செட் போட ரெண்டு ஆம்ப்ளிஃபயர், நாலு பாக்ஸ், மாட்டு வண்டியில் ஏற்றிப் போவோம். எந்த இடத்தில் எந்தப் பாக்ஸ் வைப்பது என்று அரைமணி நேரம் நடந்து பார்ப்போம். தப்பாக வைத்தால் மறுபடி தூக்க வேண்டும், இடுப்பு போய்விடும். அதனால் யோசித்து வைப்போம். இப்போது டிராலி ஸ்பீக்கர், புளூடூத். எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதனால் யாரும் யோசிப்பதில்லை. தாலி கட்டும் நேரத்தில் ஐயர் மைக்கில் 'ஊய்ங்' என்று கத்துகிறது.

2011இல் 'தொங்கல முட்டா' என்று ஒரு தெலுங்குப் படம், ஐந்தே நாளில் எடுத்தார், போட்டோ எடுக்கும் கேனான் கேமராவில். கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏழைப் பையன்களும் படம் எடுக்கலாமே! நல்ல காரியம்தான். ஆனால் அவர் கையில் அது வேறாகிவிட்டது. அடுத்த வருடம் 'டிபார்ட்மென்ட்'. கேமரா மேசைக்கு அடியிலிருந்து பார்க்கிறது, தரையிலிருந்து பார்க்கிறது, ஆளைச் சுற்றிச் சுற்றி வருகிறது. எனக்குத் தலை சுற்றி, பாதியில் எழுந்து போய் மோர் குடித்தேன். எதையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று ஆனதும் எங்கே வைப்பது என்ற கேள்வியே காணாமல் போனது.

---

லாஸ்பேட்டை_வாசகி – மாலை 5.02

மாட்டு வண்டிக்கு ஒரு லைக். ஆனாலும் கருவியை மட்டும் குற்றம் சொல்லாதீங்க அண்ணே. அதே கேமராவில் நல்ல படம் எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

---

முதுநகர்_சிங்கம் – மாலை 5.40

2008இல் 'பூங்க்' படத்தைத் தனியாக உட்கார்ந்து பார்த்தால் பணம் தருகிறேன் என்று பந்தயம் வைத்தாரே, அதையும் எழுதுங்க. பேய்ப்படம் எடுத்தவர் பேய்ப்படத்துக்கு ஆள் பிடிக்கும் நிலைக்கு வந்தார். என் மாமா தியேட்டர் கேன்டீன் நடத்தியவர். "படத்துல சரக்கு இருந்தா பாப்கார்ன் இடைவேளைக்கு அப்புறமும் விக்கும்டா, இல்லன்னா விளம்பரம்தான் விக்கும்" என்பார்.

இன்னொன்று. நான் வர்மா எதிரி இல்லை. 'கில்லிங் வீரப்பன்' பார்த்தேன், 2016. சிவராஜ்குமார் படம். நம்ம சத்தியமங்கலத்துக் காட்டுக் கதை. வீரப்பனாக வந்த பையன் சந்தீப் பரத்வாஜ் முகத்தைக் கண்டதும் கொஞ்ச நேரம் பழைய வர்மா எட்டிப் பார்த்தார். ஒத்துக்கொள்கிறேன்.

---

அலையோரம் – மாலை 6.18

அப்போ அவருக்கே தெரியாதா, தன் படம் இறங்கிப் போகிறது என்று?

---

ஏனாம்_பையன் – மாலை 6.45

தெரிந்தது தம்பி, தாமதமாக. 2025 ஜனவரியில் 'சத்யா'வை மறுபடி திரையிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அழுததாக எழுதினார். தான் குடிகாரன் ஆகிவிட்டதாகவும், குடித்தது சாராயம் இல்லை, வெற்றியையும் திமிரையும் என்றும் எழுதினார். வம்புக்கு எழுதுகிறவர் என்று நாம் கேலி செய்யும் அதே ட்விட்டரில்தான்.

அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். 'இருபத்தேழு வருஷம் ஆச்சா புரிய?' என்றார். ஆனால் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

---

லாஸ்பேட்டை_வாசகி – இரவு 7.30

அழுதது நல்லதுதான். அதற்குப் பிறகு என்ன எடுக்கிறார் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

---

மட்டுறுத்துநர் – இரவு 7.44

தனிச் செய்தியில் ஒருவர் படங்களைத் திருட்டுத்தனமாக இறக்கும் இணைப்பு கேட்டிருக்கிறார். இங்கே யாரும் கொடுக்க வேண்டாம். பேச்சு நன்றாகப் போகிறது, அப்படியே போகட்டும்.

---

கெடிலக்கரையான் – இரவு 10.20

இன்றைக்குச் சாயங்காலம் தம்பி மகனை உட்கார வைத்து 'ராத்திரி' தொடக்கத்தைப் போட்டுக் காட்டினேன். வாசகி அம்மா எழுதியதைப் படித்த சூடு. பயப்படுவான் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயப்படவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிற இடத்தில் விரலால் தொடையில் தட்டி எண்ணிக்கொண்டிருந்தான். முடிந்ததும் திரும்ப ஓட்டச் சொன்னான். மறுபடியும் எண்ணினான்.

"என்னடா?" என்றேன்.

"நானா இருந்தா இந்த இடத்தை நாலாவது செகண்டுல வெட்டியிருப்பேன் பெரியப்பா" என்றான். "வாத்தியாரும் அப்படித்தான் சொல்லித் தந்தாரு."

அப்புறம் நோட்டை எடுத்து எதையோ எழுதினான். எனக்குக் காட்டவில்லை.

'சிவா' அவன் இன்னும் பார்க்கவில்லை. செல்போனில் பார்க்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சவுண்டு சர்வீஸ் அண்ணே, உங்களிடம் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் இன்னும் இருக்கிறதா?

---

சவுண்டு_சர்வீஸ் – இரவு 10.31

இருக்கு. வால்வு ஒன்று மாற்ற வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆகிவிடும். எங்க வீட்டு மொட்டை மாடி, சாயங்காலம் ஏழு மணி. ஏனாம் தம்பி, பாண்டியிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம்தான், வந்துடுப்பா. தெலுங்குப் படமாகவே போடலாம், புரியாத இடத்தில் நீ சொல்லு. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, சத்தம் குறைவாகத்தான் வைப்பேன்.

---

முதுநகர்_சிங்கம் – இரவு 10.33

சுண்டல் உண்டா?